குழந்தைவேலுக்கு ஒண்ணு கொறையுது

திருப்பூருல ஒரு பனியன் கம்பெனி. பேரு எதுக்கு, விடுங்க. அந்தக் கம்பெனி செக்கிங் செக்‌ஷன்ல நாலு பேர் இருந்தாங்க. சொன்னதைச் சொன்னபடி செய்யறதுல அந்த நாலு பேரை அடிச்சுக்க ஆளே கெடையாது. பிரச்சனையே அதுதான்.

ஒரு தடவை மேனேஜர் மீட்டிங் போட்டாரு. இனிமே எங்க குறை கண்ணுல பட்டாலும் தயவு தாட்சண்யம் பாக்காம ஸ்டிக்கர் ஒட்டிடணும்னு சொன்னாரு. பனியன்ல தையல் விட்டிருந்தா, ஓட்டை இருந்தா, அந்த எடத்தைக் காட்டி ஒட்டறதுக்குன்னு செவப்புல அம்புக்குறி ஸ்டிக்கர் வெச்சிருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள கேன்டீன் சாம்பார் அண்டாவுல ஏழு ஸ்டிக்கர், மொதலாளி கார்ல ரெண்டு. மத்தியானம் மேனேஜர் நாற்காலியில சாஞ்சு கண்ணசந்த நேரம் பாத்து, அவரு தலையில முடி இல்லாத எடத்தைச் சுத்தி நாலு. அவரு அப்பிடியே போய் வெளிநாட்டுக்காரங்களைப் பாத்துப் பேசிட்டு வந்துட்டாரு. அவங்க அதைப் பொட்டுன்னு நெனைச்சுக்கிட்டாங்களாம்.

நாலு பேர்ல பெரியவரு நாச்சிமுத்து. அளவு டேபிள் அவரோடது. சோறு திங்கறப்பக் கூட இஞ்ச் டேப்பு கழுத்துலயே கெடக்கும். ரெண்டாவது திருமூர்த்தி, பேக்கிங். மூணாவது அபுதாகிர், எலாஸ்டிக் இழுத்துப் பாக்கற வேலை. நாலாவது நம்ம குழந்தைவேலு. வயசு முப்பத்தி நாலு. கடைசி செக்கிங் அவன்தான். அவன் பார்த்து "பாஸ்"னு கையெழுத்துப் போட்டாத்தான் பெட்டியை மூடுவாங்க. குழந்தைவேலு கையெழுத்துப் போட்ட பெட்டியில பொய் இருக்காதுன்னு துறைமுகம் வரைக்கும் பேரு.

அப்பேர்ப்பட்டவனுக்கு ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொண்ணு அமைஞ்சுது. பேரு கோகிலவாணி. பொங்கலூர்ப் பக்கம் ஊரு. பல்லடத்துல கோழிக்குஞ்சு பொரிக்கிற கம்பெனியில வேலை. முட்டையை வெளக்குக்கு நேராப் புடிச்சு, நல்ல முட்டையா கூமுட்டையான்னு பாத்துச் சொல்லணும்.

பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு, ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் தனியாப் பேசுங்கன்னு பெரியவங்க வெளிய அனுப்புனாங்க. அதுல நாலு நிமிஷம் ரெண்டு பேரும் வாசல்ல கட்டியிருந்த எருமையைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அஞ்சாவது நிமிஷம் கோகிலவாணி வாயைத் தொறந்தா.

"எனக்கு வேற எதுவும் வேண்டாங்க. பொய் மட்டும் சொல்லாம இருந்தாப் போதும்."

சொல்லிட்டு அவனை ஒரு பார்வை பாத்தா. தன்னைத் தூக்கி வெளக்குக்கு நேராப் புடிச்ச மாதிரி இருந்துச்சு குழந்தைவேலுக்கு. இவளைத் தவிர வேற யாரையும் கட்டறதில்லைன்னு அந்த எருமைக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டான்.

எல்லாம் சரியாப் போயிட்டிருந்துச்சு. அப்பத்தான் ஃபாரம் வந்துச்சு.

அந்த வரனைக் கொண்டு வந்தது ஒரு திருமணத் தகவல் மையம். அதை நடத்தறவரு நில அளவைத் துறையில இருந்து ரிட்டையர் ஆனவரு. ஒரு சென்ட் நெலத்துக்கு அறுபது கேள்வி கேட்டுப் பழகுன மனுசன், மாப்பிள்ளைக்கு நாப்பத்தி ரெண்டோட நிறுத்துனது பெரிய விஷயம். மாப்பிள்ளை ஒரு ஃபாரம், பொண்ணு ஒரு ஃபாரம். உப்புச்சர்க்கரை மாத்தற அன்னைக்கு, அதாவது நிச்சயத்தன்னைக்கு, ரெண்டு பேரும் ஃபாரத்தை மாத்திப் படிச்சுக் கையெழுத்துப் போடணும். அதுக்கு இன்னும் நாப்பது நாள் இருந்துச்சு.

இருபத்தி ரெண்டு கேள்வி வரைக்கும் குழந்தைவேலு அருவி மாதிரி எழுதிட்டு வந்தான். இருபத்தி மூணுல பேனா நின்னுருச்சு.

"உடலின் ஏதேனும் பகுதி அறுவை சிகிச்சை மூலம் நீக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில், நீக்கப்பட்ட பகுதியின் பெயர், அளவு, தற்போதைய நிலை."

அவனுக்கு ஒம்பது வயசு இருக்கறப்ப ஒண்ணுக்குப் போறதுக்கு ரொம்ப செரமப்பட்டான். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மயக்கம் தெளிஞ்சு பாத்தா கட்டு போட்டிருந்துச்சு. ஏதோ கொஞ்சம் எடுத்தாச்சு, இனிமே செரமமில்லைன்னு அவங்கப்பா சொன்னாரு. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒண்ணு மட்டும் பீரோவுல இருந்துச்சு. அதுல "சர்கம்சிஷன் டன் ஃபார் ஃபைமோசிஸ்"னு இங்கிலீஷ்ல எழுதி, கீழ ஒரு கையெழுத்து. அதுக்கு என்ன அர்த்தம்னு அவனும் கேட்டதில்லை, சீட்டும் சொன்னதில்லை.

மறுநாள் டீ டைம்ல நாலு தலையும் ஒண்ணு சேந்துச்சு.

"இப்ப நீ என்னன்னு எழுதப்போறே?" நாச்சிமுத்து கேட்டாரு.

"இல்லைன்னு எழுதுனாப் பொய்யுங்ணா. ஆமான்னு எழுதுனா என்னன்னு எழுதோணும். எது போச்சுன்னே எனக்குச் சரியாத் தெரியாதுங்ணா."

அபுதாகிர் டீயை ஊதிக்கிட்டே, கட்டு போட்ட எடத்தைப் பாத்தா அது முனைத் தோலுதான், இதுல என்ன இருக்குன்னு கேட்டான். அவங்க வீட்டுல ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் சின்னதுலயே எடுத்தாச்சு. யாரும் எந்த ஃபாரத்துலயும் எழுதுனதில்லை. அவனுக்கு மூணு புள்ளைங்க.

நாச்சிமுத்து கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசிச்சாரு. "தாகிரு, உங்களுக்கு ஆர்டரே அரைக்கை. அரைக்கைச் சட்டையில முழங்கைத் துணியைக் காணோம்னு எவனும் திருப்பி அனுப்ப மாட்டான். இவனுக்கு ஆர்டர் முழுக்கை. நடுவுல ஒருத்தர் வெட்டியிருக்காரு. அதுக்குப் பேரு ஆல்டரேஷன். ஆல்டரேஷன் பண்ணுனா எழுத்துல காட்டியே ஆகோணும்."

"அது நாயந்தானுங்ணா," அப்பிடின்னு அபுதாகிர் ஒத்துக்கிட்டான்.

சரி, பேரு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல தற்போதைய நிலையை விசாரிப்போம்னு திருமூர்த்தி சொன்னான். அவன் பேக்கிங்காரன். எந்த சரக்கு எங்க கெடக்குதுன்னு தெரியாட்டி அவனுக்குச் சோறு எறங்காது. நாலு பேரும் அரை நாள் லீவு போட்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ரெக்கார்டு ரூம்ல இருந்த அலுவலர்கிட்ட, இருபத்தஞ்சு வருசத்துக்கு முன்னால இங்க ஒரு சின்ன தோலு விட்டுட்டுப் போனோம், அது இப்ப எப்பிடி இருக்குதுன்னு கேட்டாங்க.

அந்த அலுவலரும் லேசுப்பட்டவரு இல்ல. நிமிந்து கூடப் பாக்காம, நோயாளி நேர்ல வரணும்னாரு. நோயாளி நான்தானுங்கன்னு குழந்தைவேலு முன்னால வந்தான். உங்களைக் கேக்கல, தோலு பேருல விண்ணப்பம் வேணும்னாரு. தோலுக்கு அடையாள அட்டை இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னதும் மொகத்துல ஒரு நிம்மதி வந்துச்சு. அப்ப எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு.

வெளிய வந்ததும் திருமூர்த்திக்கு ஒரு யோசனை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜுல மாசா மாசம் பதினொண்ணாந்தேதி ஒரு வைத்தியர் வந்து தங்குவாரு. ஆம்பளை சமாச்சாரம் பூராத்துக்கும் அவருதான்னு செவத்துல எல்லாம் எழுதியிருந்துச்சு. அன்னைக்குத் தேதி பதினொண்ணு.

வைத்தியர் தலைமாட்டுல ஊதுபத்தி கொளுத்தி வெச்சுக்கிட்டு, சீட்டைக் கையில வாங்காமயே தலையை ஆட்டுனாரு. "தம்பி, எல்லாத்துக்கும் காரணம் எளமையில பண்ணுன தப்புத்தான். ஒளிவு மறைவு இல்லாம ஒத்துக்குங்க."

பொய் சொல்லக் கூடாதுன்னு கோகிலவாணி சொன்னது குழந்தைவேலு காதுலயே நின்னுச்சு. ஆரம்பிச்சான். மூணாவதுல வாத்தியார் நாற்காலியில மை ஊத்துனது. நாலாவதுல பக்கத்து வீட்டுக் கோழியைத் தொறந்து உட்டது. பெரியப்பன் மிதிவண்டியில காத்து எறக்குனது, வருசவாரியா. எட்டாவது முழுப்பரிச்சைக்கு வர்றப்ப ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. வைத்தியர் கைகூப்பி, தம்பி உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க, போயிட்டு வாங்கன்னு கெஞ்சுனாரு. குழந்தைவேலு இன்னும் ஒம்பதாவது இருக்குதுங்கன்னான். அடுத்த மாசத்துல இருந்து வைத்தியர் அந்த ஊருக்கு வர்றதை நிறுத்திட்டாரு.

கடைசியா ஒருத்தர் சொல்லி, யூராலஜி டாக்டர் மரகதவல்லிகிட்ட போனாங்க. ஒருத்தர் மட்டும் உள்ள வந்தாப் போதும்னு நர்சம்மா சொன்னாங்க. நாலு கையெழுத்து இல்லாம எங்க செக்‌ஷன்ல எதுவும் செல்லாதுங்கன்னு நாச்சிமுத்து எடுத்துச் சொல்லி, நாலு பேரும் உள்ள போய் வரிசையா உக்காந்தாங்க.

டாக்டரம்மா சீட்டைப் படிச்சாங்க. அஞ்சாறு வருசம் காலேஜுல பாடம் நடத்துனவங்க. ஒரு பேப்பரை எடுத்துப் படம் போட்டாங்க. "இது தண்டு. இது முனை, மொட்டு மாதிரி இருக்கறதால மொட்டுன்னே சொல்லலாம். டாக்டருங்க கிளான்ஸ்னு சொல்லுவோம். அதை மூடி இருக்கற தோலுதான் முன்தோல். ப்ரெப்யூஸ். கீழ நூல் மாதிரி ஒண்ணு புடிச்சிருக்கும், அது ஃப்ரெனுலம். முன்தோல் இறுகிப் போய்ப் பின்னால தள்ள முடியாம இருந்தா அதுக்குப் பேரு ஃபைமோசிஸ். அந்தத் தோலை வெட்டி எடுக்கறது சர்கம்சிஷன். உங்களுக்கு அதான் பண்ணியிருக்காங்க. நல்லா பண்ணியிருக்காங்க. குறை ஒண்ணும் இல்ல."

நாச்சிமுத்து பனியன் அளவு எழுதற ஸ்பெக் ஷீட்டை எடுத்து வெச்சு எழுதிட்டே இருந்தாரு. மொட்டு, எண்ணிக்கை ஒண்ணு. முன்தோல், காலர் மாதிரி, எண்ணிக்கை சைபர். ஃப்ரெனுலம்ங்கறது லேபிள் தைக்கற நூலுங்களான்னு மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாரு. டாக்டரம்மா ஒரு நிமிஷம் அவரையே பாத்துட்டு, கிட்டத்தட்ட அப்பிடித்தான்னு சொல்லிட்டாங்க. அது அவங்க பண்ணுன மொத தப்பு.

"போனதைத் திரும்ப வரவெக்க முடியுங்களா டாக்டர்?" குழந்தைவேலு கேட்டான்.

அங்கதான் டாக்டரம்மா ரெண்டாவது தப்பு பண்ணுனாங்க. அவங்க உண்மையைச் சொன்னாங்க. வெட்டுனது வராது. ஆனா இருக்கற தோலை லேசா, வலிக்காம, தெனமும் கொஞ்ச நேரம் இழுத்துப் புடிச்சு விட்டுட்டே இருந்தா, தோலு மெல்ல மெல்ல வளந்து மொட்டை மூடும். முன்தோல் மீட்புன்னு அதுக்குப் பேரு. ஆசைப்பட்டுச் சிலபேர் பண்றாங்க. மூணு வருசம் கூட ஆகலாம். பழைய தோலுல இருந்த நரம்பு முனையெல்லாம் வராது. "உங்களுக்குத் தேவையே இல்லைங்க. போய்க் கல்யாணத்தைப் பண்ணுங்க."

கல்யாணத்துக்குத்தானே வந்திருக்கோம்னு நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலம் அளவு டேபிள்ல திட்டம் தயாராச்சு. முன்தோல் திரும்ப வந்துட்டா இருபத்தி மூணுக்கு இல்லைன்னு மனசாட்சியோட எழுதலாம். ஆனா மூணு வருசம் ஆகுமே. உப்புச்சர்க்கரைக்கு இருக்கறது முப்பத்தி ஒரு நாள்.

"ஒரு ஆளு பண்ணுனா மூணு வருசம்," திருமூர்த்தி கணக்குப் போட்டான். "நாலு ஆளு பண்ணுனா ஒம்பது மாசம். ராத்திரி ஷிஃப்ட்டும் ஓட்டுனா நாலரை மாசம். ஞாயித்துக்கெழமையும் சேத்துக்கலாம்."

"இழுக்கறது அவன்தானப்பா. நாம மூணு பேரு என்ன பண்றது?" அபுதாகிர் கேட்டான்.

"நாம மேற்பார்வை. மேற்பார்வை இருந்தா வேலை வேகமா நடக்கும்னு மேனேஜரே சொல்லியிருக்காரு."

அதுக்கு மேல யாருக்கும் மறுப்பு இல்ல. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். குழந்தைவேலு கக்கூஸுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவான். வெளிய திருமூர்த்தி ஸ்டாப் வாட்சோட நிப்பான். அடுத்தாப்புல நாச்சிமுத்து சார்ட்டோட. உள்ள இருந்து சென்டிமீட்டர்ல நம்பர் வரும், அவரு திருப்பிச் சொல்லி எழுதிக்குவாரு. அவங்களுக்குப் பின்னால அயர்னிங் செக்‌ஷன் ஆளுங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டு வரிசையில நின்னு கேட்டுட்டு இருப்பாங்க. மூணாவது நாள் நம்பர் கொறஞ்சு வந்துச்சு. நாச்சிமுத்து பதறிட்டாரு. கதவுக்கு வெளிய இருந்தே, குளிச்சியா, பச்சத் தண்ணியிலயான்னு கேட்டாரு. ஆமான்னான். "அது ஷ்ரிங்கேஜுப்பா, தண்ணி பட்டுச் சுருங்குனது," அப்பிடின்னு சார்ட்டுல தனியா ஒரு கட்டம் போட்டாரு. துவைச்சதுக்கு முன், துவைச்சதுக்குப் பின். அயர்னிங் ஆளுங்க ரெண்டு பேர், அப்ப காட்டன்தான்னு தங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க.

பத்து நாளாச்சு. ஒண்ணும் வளரல. அபுதாகிர்தான் வழி சொன்னான். பத்து பத்து நிமிஷமா இழுத்தா எப்ப முடியறது. நாள் பூரா தானா இழுத்துட்டே இருக்கற மாதிரி ஒண்ணு வேணும். குழந்தைப் பனியனுக்குப் போடற மெத்துன்னு இருக்கற எலாஸ்டிக்ல ஒரு பட்டி தெச்சுக் கொண்டு வந்தான். மேல் முனை ஒட்டற டேப்பால தோலுல ஒட்டியிருக்கும், கீழ் முனை முழங்காலுக்குக் கீழ கட்டியிருக்கும். உக்காந்திருந்தா சுகமா இருந்துச்சு. நின்னாத்தான் வம்பு. காலை முழுசா நீட்ட முடியாது. இடுப்பை மடிச்சு, முதுகை வளைச்சு, பாதி குனிஞ்ச வாக்குலயே நடக்கணும்.

அந்த வாரம் மொதலாளி ஃபேக்டரியைச் சுத்திப் பாக்க வந்தாரு. எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் வெச்சாங்க. குழந்தைவேலு மட்டும் எந்திரிச்சும் குனிஞ்சே நின்னான். மொதலாளி போற வரைக்கும் நிமிரல. அவரு மேனேஜரைக் கூப்பிட்டு, இத்தனை வருசத்துல இப்பிடி ஒரு மரியாதை தெரிஞ்ச ஆளை நான் பாத்ததில்லைன்னு சொன்னாரு. மறுநாள்ல இருந்து மேனேஜர் குனிஞ்சாரு. அதுக்கு மறுநாள் சூப்பர்வைசருங்க. வாரக் கடைசியில செக்‌ஷன் பூரா எதையோ தொலைச்சுட்டுத் தேடற மாதிரி நடந்துட்டு இருந்துச்சு. கேன்டீன்ல இடுப்பு வலித் தைலம் தீந்து போச்சு.

குழந்தைவேலுக்கு வந்தது வேற வலி. டேப்பு ஒட்டுன எடம் செவந்து, அரிச்சு, தடிச்சுப் போச்சு. ஒண்ணுக்குப் போறப்ப ஒம்பது வயசு ஞாபகம் வந்துச்சு. உப்புச்சர்க்கரைக்கு இன்னும் ஒரே வாரம். அவளுக்குப் பொய் சொல்லவும் மனசில்ல, உண்மையைச் சொல்லி அவ எழுந்து போயிட்டாத் தாங்கறதுக்கும் தெம்பில்ல. மறுபடியும் டாக்டரம்மா முன்னால போய்க் குனிஞ்ச வாக்குலயே உக்காந்தான்.

டாக்டரம்மா பாத்தாங்க. பட்டியை வெட்டி எடுத்தாங்க. டேப்பை எண்ணெய் வெச்சு ஊற வெச்சு உரிச்சாங்க. களிம்பு போட்டாங்க. அப்பறந்தான் கண்ணாடியைக் கழட்டிக் கேட்டாங்க.

"இந்தத் தோலு உங்களுக்கு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

குழந்தைவேலு ஃபாரத்தை எடுத்து நீட்டுனான். கோகிலவாணியைப் பத்திச் சொன்னான். எருமையைக் கூட விடல. முன்தோல் போனது பெருசில்லைங்க டாக்டர், அதுனால அவ போயிருவாளோன்னுதான் பயமா இருக்குதுன்னான்.

டாக்டரம்மா ஃபாரத்தை வாங்கிப் படிச்சாங்க. "உண்மையை எழுதுங்க. முன்தோல் இறுக்கத்துக்காக ஒம்பது வயசுல எடுத்தது, இப்ப எந்தக் குறையும் இல்லன்னு எழுதுங்க. அதைப் படிச்சுட்டு எந்திரிச்சுப் போறவங்களா இருந்தா அவங்க போகட்டும்."

போகட்டும்னு டாக்டர் சொன்னதை மட்டும் செய்ய முடியாதேன்னு குழந்தைவேலு பஸ்ஸுல வழி பூரா அழுதுட்டு வந்தான். ஆனா ஃபாரத்துல உள்ளதை உள்ளபடி எழுதிட்டான். ஆம். பெயர், முன்தோல். அளவு, அன்று எடுக்கவில்லை, மன்னிக்கவும். தற்போதைய நிலை, விசாரித்தோம், தெரியவில்லை.

உப்புச்சர்க்கரை அன்னைக்குக் கோகிலவாணி வீட்டுல நூறு பேரு. ஓட்டு வீடு. முன்னால பந்தல். நல்ல நேரம் பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும். தகவல் மையத்துக்காரரு ஃபாரத்தை மாத்திக்கலாம்னாரு. குழந்தைவேலு தன்னோடதை நீட்டுனான். கோகிலவாணி வாங்கி ஒவ்வொரு வரியா வெரல் வெச்சுப் படிச்சா. இருபத்தி மூணுல வெரல் நின்னுச்சு. அவ கண்ணு கலங்கறதைக் குழந்தைவேலு பாத்தான். எல்லாம் போச்சுன்னு நெனைச்சான்.

"நான் ஒரு மாசமாத் தூங்கலீங்க," கோகிலவாணி சொன்னா. "இருபத்தி மூணுக்கு நம்மளது மட்டும் இத்தனை நீளமா இருக்குதே, இதைப் படிச்சுட்டு யாரு கட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீங்களும் எழுதியிருக்கீங்க."

சொல்லிட்டுத் தன் ஃபாரத்தைக் கொடுத்தா. இருபத்தி மூணுக்கு மட்டும் தனியா ஒரு பேப்பர் பின் பண்ணியிருந்துச்சு. ஆம். பெயர், பால் பற்கள். எண்ணிக்கை, இருபது. நீக்கியது, அப்பா, நூல் கட்டி இழுத்து. தற்போதைய நிலை, சாணத்தில் உருட்டி வீசியதால் வீட்டுக் கூரை மேல், வடக்குப் பக்கம். கீழ ஒவ்வொரு பல்லுக்கும் தேதி போட்டிருந்துச்சு.

குழந்தைவேலு ரெண்டு தடவை படிச்சான். வாழ்க்கையில அவன் பாத்ததுலயே அழகான ஃபாரம். கையெழுத்துப் போடப் போனவன் நிறுத்திட்டான். "தப்பா நெனைச்சுக்காதீங்க. செக் பண்ணாம நான் கையெழுத்துப் போடறதில்லீங்க."

"செக் பண்ணாமப் போட்டா நானே ஒத்துக்க மாட்டேங்க," அப்பிடின்னு சொல்லிட்டு அவளே போய் ஏணியை எடுத்துட்டு வந்தா.

நாச்சிமுத்து, திருமூர்த்தி, அபுதாகிர், குழந்தைவேலு நாலு பேரும் பட்டு வேட்டியோட ஓட்டு மேல ஏறுனாங்க. தேடறதுக்கு வீட்டு ஆளு ஒருத்தர் வேணும்னு கோகிலவாணியும் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிட்டு ஏறுனா. கீழ மாமனுங்க கத்துனாங்க. ஒவ்வொரு ஓடாத் தூக்கிப் பாத்து, வெள்ளையாக் கெடைச்சதையெல்லாம் திருமூர்த்தி கைக்குட்டையில சேத்தான். அதுல எத்தனை பல்லு, எத்தனை சுண்ணாம்புக் கல்லுன்னு நம்மளைக் கேக்காதீங்க. பதினொன்னே முக்காலுக்குக் கணக்கு முடிஞ்சுது.

நாச்சிமுத்து மூணு தடவை எண்ணுனாரு. மொகம் இருண்டு போச்சு. "இருபத்தி ஒண்ணு இருக்குது. ஒண்ணு எச்சா."

கோகிலவாணியும் ஒரு தடவை எண்ணிப் பாத்தா. ஓட்டு மேலயே உக்காந்துட்டா. "அப்ப நான் ஃபாரத்துல பொய் எழுதிட்டனுங்களா?"

நல்ல நேரம் முடியப்போகுதுன்னு கீழ இருந்து ஐயரு கத்துனாரு. குழந்தைவேலு ரெண்டு ஃபாரத்தையும் முழங்கால்ல விரிச்சு வெச்சு அப்பிடியும் இப்பிடியும் பாத்தான். அப்பறம் மெதுவாச் சொன்னான்.

"என்ற பக்கம் ஒண்ணு கொறையுது. உங்க பக்கம் ஒண்ணு எச்சா இருக்குது. ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டா?"

"டேலி ஆயிருது," அப்பிடின்னான் திருமூர்த்தி. அவன் கண்ணுல தண்ணி.

அளவு கூடுதல் கொறைச்சல் ஏத்துக்கற வரம்புக்குள்ளதான் இருக்குதுன்னு நாச்சிமுத்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு. அதுக்கு அப்பறந்தான் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. கோகிலவாணி அந்த இருபத்தி ஒண்ணாவது பல்லை எடுத்துச் சேலையில தொடைச்சு, குழந்தைவேலு கையில வெச்சா. எறங்க நேரமில்லாததால தட்டை ஏணி வழியா மேல கொடுத்து, உப்பும் சர்க்கரையும் ஓட்டு மேலயே மாத்திக்கிட்டாங்க. நூறு பேரும் அண்ணாந்து நின்னு அட்சதையை மேல எறிஞ்சாங்க. பாதி திரும்பி அவங்க தலையிலயே விழுந்துச்சு.

குழந்தைவேலு எழுதுன அந்த ஃபாரம் இன்னைக்கும் தகவல் மையத்துல மாதிரிக்குன்னு கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது. இருபத்தி மூணுக்கு நேரா, பழசை அடிச்சுட்டு, நாலு பேரும் கையெழுத்துப் போட்டுத் திருத்தியிருப்பாங்க.

"நீக்கப்பட்ட பகுதி: முன்தோல். தற்போதைய நிலை: திரும்பக் கிடைத்துவிட்டது. பல்லாக."